காளான் அறைக்கும் மூச்சு வேண்டும்!

மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை. பழைய பாய், கால் உடைந்த நாற்காலி, தேங்காய் மூட்டை என்று எதையாவது போட்டு அடைத்து வைத்திருப்போம். நம் ஊரில் பத்து வீட்டுக்கு நாலு வீட்டில் இப்படி ஓர் இடம் உண்டு. வெய்யில் எட்டிப் பார்க்காத அந்த ஆறுக்கு நாலு அடி இடத்தில் ரோஜா வைக்க முடியாது, கீரை விதைக்க முடியாது. ஆனால் காளான் வளர்க்கலாம். காளானுக்கு வெய்யில் தேவையில்லை. வைக்கோலே அதற்குச் சாப்பாடு.

கோயமுத்தூருக்குக் காளான் ஒன்றும் புதுசில்லைங்க. 1943-ஆம் வருஷமே இங்குள்ள வேளாண் கல்லூரியில் கே.எம். தாமஸ் குழுவினர் வைக்கோல் காளானை வளர்த்துக் காட்டினார்கள். இன்று நாம் கடையில் வாங்கும் சிப்பிக் காளானை வைக்கோலில் வளர்க்கும் முறையை 1962-ல் மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தில் பானோ, ஸ்ரீவஸ்தவா இருவரும் வெளியிட்டார்கள். இப்போது கோவை தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தாவர நோயியல் துறையில் காளான் வித்தும் கிடைக்கிறது, பயிற்சியும் கிடைக்கிறது.

அப்படியிருந்தும் ஆசையாக ஆரம்பிக்கிற பலர் ஒரே வருஷத்தில் கைவிட்டு விடுகிறார்கள். ஏன்? மார்கழியில் போட்ட முதல் ஈடு கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கும். அதே அறை, அதே வித்து, அதே வைக்கோல்... ஆனால் பங்குனியில் போட்டது பச்சைப் பூசணம் பிடித்து நாறும். 'வித்து சரியில்லை' என்று பழியை அதன் மேல் போடுவோம். பெரும்பாலும் குற்றம் வித்தில் இல்லை. அறையின் சூட்டிலும் காற்றிலும்தான் இருக்கிறது. அதே காற்று சரியில்லாவிட்டால் வீட்டில் இருக்கிறவர்களின் நெஞ்சுக்கும் கெடுதல் வரும். அதனால்தான் இந்த விஷயத்தை ஆரோக்கியப் பக்கத்தில் பேசுகிறோம்.

மூட்டைக்குள் ஓர் அடுப்பு

காளான் செடி இல்லை. செடி பகலில் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு பிராண வாயுவைத் தருகிறது. காளான் அப்படியே நேர்மாறு. நம்மைப் போலவே பிராண வாயுவை இழுத்து, கரியமில வாயுவையும் சூட்டையும் வெளியே விடுகிறது.

வித்துப் போட்ட படுக்கைக்குள் வெள்ளைப் பூசண இழைகள் வைக்கோலைத் தின்று பரவும்போது உள்ளே சூடு உண்டாகும். அறையில் 28 டிகிரி இருந்தால் படுக்கையின் நடுவில் அதைவிட நாலைந்து டிகிரி கூடுதலாகவே இருக்கலாம். அறையே 33 டிகிரி என்றால் மூட்டையின் நடுப்பகுதி எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள்! அந்தச் சூட்டில் சிப்பிக் காளான் இழை வெந்து போகும். ஆனால் பச்சைப் பூசணத்துக்கு அதுதான் கொண்டாட்டம்.

ஆக, அறையின் சூடு வெளியே இருக்கும் வெய்யிலால் மட்டும் வருவதில்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு மூட்டையும் ஒரு குட்டி அடுப்பு. 'இடம் இருக்கே' என்று இருபது மூட்டையை நெருக்கித் தொங்க விட்டால், இருபது அடுப்பைப் பற்ற வைத்துக் கதவைச் சாத்திய மாதிரிதான். ஆறுக்கு நாலு அடி அறைக்கு முதல் தடவை ஆறு அல்லது எட்டுப் படுக்கை போதும். கை பழகிய பிறகும் பன்னிரண்டைத் தாண்ட வேண்டாம். மூட்டைக்கு மூட்டை ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். சுவரில் ஒட்டாமல் உறி மாதிரி கயிற்றில் தொங்கினால் நாலு பக்கமும் காற்றுப் படும்.

இரண்டு பருவம், இரண்டு குணம்

படுக்கை போடுவது பெரிய வித்தை இல்லை. அந்த வருஷத்து அறுவடையில் வந்த, மழையில் நனையாத, பொன்னிற வைக்கோலாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கி, நாலைந்து மணி நேரம் ஊற வைத்து, 80 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் அமுக்கி வைக்க வேண்டும். பிறகு சுத்தமான இடத்தில் பரப்பி உலர்த்துங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டுத் தண்ணீர் விழக்கூடாது. அதுதான் பதம். இரண்டுக்கு ஓர் அடி பாலிதீன் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு பிடி வித்து என்று மாற்றி மாற்றிப் போட்டு, வாயைக் கட்டி, பக்கத்தில் இரண்டு சிறு ஓட்டை போட்டால் படுக்கை தயார்.

இதற்குப் பிறகுதான் கவனம் வேண்டும்.

முதல் பதினைந்து இருபது நாள் வித்து பரவும் பருவம். இருட்டு வேண்டும். 25 முதல் 28 டிகிரி வரை சூடு போதும், 30-ஐத் தாண்டவே கூடாது. காற்று கொஞ்சம் குறைந்தாலும் படுக்கை பொறுத்துக்கொள்ளும். தண்ணீர் தெளிக்கவே வேண்டாம்.

பை முழுக்க வெள்ளை வெளேர் என்று ஆனதும் பையைக் கிழித்து விடுகிறோம். இது மொட்டு விடும் பருவம். இப்போது குணமே மாறி விடும். 23 முதல் 27 டிகிரி இருந்தால் சுகம். ஈரப்பதம் 80-லிருந்து 90 சதம் வேண்டும். பேப்பர் படிக்கிற அளவுக்கு வெளிச்சம் வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, புதுக் காற்று வேண்டும். வெளிக் காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு கரியமில வாயு இருக்கிறது. மொட்டு விடும் அறையில் அது 1,000 பங்குக்குக் கீழே இருப்பது நல்லது. கதவை இறுக்கி மூடினால் சில மணி நேரத்திலேயே அதைத் தாண்டி எங்கோ போய்விடும்.

ஒரே அறையில் இரண்டு பருவத்தையும் கலந்து வைத்தால் எதற்கும் திருப்தி இருக்காது. பெரிய பண்ணைக்காரர்கள் இரண்டு அறை வைத்துக்கொள்வார்கள். நமக்கு இருப்பது ஒன்றுதான். எனவே எல்லாப் படுக்கையையும் ஒரே நாளில் போடுங்கள். முதல் மூன்று வாரம் அறை இருட்டாக, அமைதியாக இருக்கட்டும். அப்புறம் மொத்தமாகக் காற்றும் ஈரமும் கொடுங்கள். அறுவடை முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியேற்றி, கழுவி, சுண்ணாம்பு அடித்து, ஒரு வாரம் காலியாகக் காய விட்டால் பூச்சியும் பூசணமும் அடுத்த ஈட்டுக்குத் தொற்றாது.

எந்த அறை தேறும்?

மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை வேண்டாம். பகலெல்லாம் குடித்த வெய்யிலைக் கான்கிரீட் தளம் ராத்திரி முழுக்க உள்ளே கக்கும். மேற்குச் சுவர் உள்ள அறையும் அப்படித்தான். தரைத்தளத்தில், வடக்கு அல்லது கிழக்கு பார்த்த, படிக்கட்டு நிழலில் இருக்கிற அறை உத்தமம். தகரமோ சிமென்ட் ஷீட்டோ போட்ட அறைதான் இருக்கிறது என்றால், கூரை மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். சூடு ஓரளவு குறையும். ஆனால் சித்திரையில் அங்கே சிப்பிக் காளான் வேண்டாம்.

முக்கியமான ஒன்று. அறைக்கு வெளிச்சுவர் ஒன்றாவது இருந்தே தீர வேண்டும். நாலு பக்கமும் வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஸ்டோர் ரூம், படுக்கையறை அலமாரி, பூஜை அறையை ஒட்டிய மூலை... இவையெல்லாம் வேண்டவே வேண்டாம். அங்கிருந்து வெளியேறும் காற்றை நீங்கள்தான் சுவாசிக்க வேண்டியிருக்கும். லைன் வீட்டில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழே வாசல், மேலே வாசல்

சூடான காற்று மேலே ஏறும். இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நம் பழைய தொட்டிக்கட்டு வீடுகளில் நடுவாசல் வழியாகச் சூடு மேலே போக, நிழலான திண்ணைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். அதே கணக்குத்தான் இங்கேயும்.

வெளிக் காற்று உள்ளே வர, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் ஒன்பது அங்குலச் சதுரத்தில் ஒரு திறப்பு. அதற்கு எதிர்ச் சுவரில், கூரையை ஒட்டி இன்னொரு திறப்பு. மேலே உள்ளது கட்டாயம் வெளியே திறக்க வேண்டும். சமையலறைக்கோ ஹாலுக்கோ திறக்கக் கூடாது. இரண்டுக்கும் நெருக்கமான நைலான் வலை அடியுங்கள். காளான் ஈ சின்னஞ்சிறியது. சாதாரணக் கொசு வலையிலேயே புகுந்து விடும் என்பதால் இரட்டை வலையாகப் போடுவது நல்லது.

மேல் திறப்பில் ஆறு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் வேலை சுலபம். அதையும் கணக்குப் போட்டு ஓட்ட வேண்டும். ஆறடி நீளம், நாலடி அகலம், எட்டடி உயரம் என்றால் அறையில் இருப்பது 192 கன அடிக் காற்று. அந்தச் சின்ன ஃபேன் நிமிடத்துக்கு 100 கன அடிக்கு மேல் இழுத்துத் தள்ளும். இரண்டே நிமிடத்தில் அறைக் காற்று முழுவதும் மாறிவிடும்! நாள் முழுக்க ஓட விட்டால் காளான் காய்ந்து அப்பளமாகி விடும். மொட்டு விடும் பருவத்தில் மணிக்கு ஒரு தடவை நாலைந்து நிமிடம் ஓடினால் போதும். டைமர் ஸ்விட்ச் போட்டு விட்டால் மறதிக்கு இடமில்லை.

ஈரமான அறை என்பதால் ஸ்விட்சும் பிளக்கும் அறைக்கு வெளியேதான் இருக்க வேண்டும். மின்கசிவைக் கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவியும் வீட்டில் கட்டாயம் வேண்டும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஈரச் சாக்கு ஏசி

இங்கே ஒரு சிக்கல். குளிர்ச்சிக்காக மூடினால் காளானுக்கு மூச்சு முட்டும். காற்றுக்காகத் திறந்தால் அனலும் வறட்சியும் உள்ளே வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் சமாதானம் செய்து வைப்பதுதான் ஈரச் சாக்கு.

கீழ்த் திறப்பின் உள்பக்கம் நனைத்த கோணிச் சாக்கைத் திரையாகத் தொங்க விடுங்கள். உள்ளே வருகிற காற்று அதன் வழியாகத்தான் வர வேண்டும். மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் மேல் கசிந்த நீர் ஆவியாகும்போது சூட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால், ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உண்டாக்கும் சூட்டை அது எடுத்துக்கொள்ளும். காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு குளிர்ச்சி கிடைக்கும். சித்திரை மதியத்தில் சாக்கு நன்றாக நனைந்திருந்தால் நாலைந்து டிகிரியாவது இறங்கும். மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் பலன் குறைவு. அப்போது தேவையும் குறைவு.

தரையில் ஓர் அங்குலம் மணல் பரப்பி நனைத்து வைத்தால் ஈரப்பதம் நிற்கும். மணல் ஈரமாக இருக்கலாம், தண்ணீர் தேங்கவே கூடாது. தேங்கினால் டெங்கு பரப்பும் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டிய மாதிரி ஆகிவிடும். சாக்கை வாரம் ஒரு தடவை சுடுதண்ணீரில் அலசி வெய்யிலில் போடுங்கள். இல்லாவிட்டால் அதிலேயே பூசணம் ஏறும்.

சில நூறு ரூபாய்க்கு, சூட்டையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் சின்ன மீட்டர் கிடைக்கிறது. அதைப் படுக்கைகளுக்கு நடுவில் மாட்டுங்கள். காலை, மதியம் இரண்டு மணி, ராத்திரி என மூன்று வேளை குறித்து வையுங்கள். ஒரு மாதக் குறிப்பு இருந்தால் உங்கள் அறையின் குணம் உங்களுக்கே அத்துபடி ஆகிவிடும்.

கொங்கு நாட்டுக் காலண்டர்

மாசி பாதி முதல் வைகாசி வரை: கோவையிலேயே மதியம் 35 டிகிரியைத் தாண்டும். ஈரோடு, கரூர், தாராபுரம் பக்கம் இன்னும் அதிகம். ராத்திரியும் விடியற்காலையும் நன்றாகத் திறந்து விட்டு, காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை ஈரச் சாக்கு வழியாக மட்டும் காற்று விடுங்கள். அறை 30-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் சிப்பிக் காளானோடு மல்லுக்கட்ட வேண்டாம். பால் காளானுக்கு மாறி விடுங்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 1998-ல் வெளியிட்ட ஏ.பி.கே. 2 என்ற பால் காளான் 30 முதல் 35 டிகிரியில் நன்றாக வரும். இதற்குப் படுக்கை மேல் கொதிக்க வைத்த மண் போட வேண்டும், வெளிச்சமும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

ஆனி முதல் ஆவணி வரை: பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் குளிர்ந்த காற்று அடிக்கும். பொள்ளாச்சி, கோவைக்காரர்களுக்கு இது பொற்காலம். ஆனால் ஆடிக்காற்று நேராக அறைக்குள் புகுந்தால் மொட்டு காய்ந்து விடும். மேற்குத் திறப்பைப் பாதி மூடி வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை: மழை ஈரம். தெளிப்பைக் குறைத்து, ஃபேனைக் கூட்டுங்கள். காளான் மேல் தண்ணீர் நின்றால் மஞ்சள் புள்ளி விழுந்து அழுகும்.

மார்கழி, தை: சிப்பிக் காளானுக்கு ஏற்ற காலம். ராத்திரிக் குளிர் 20 டிகிரிக்குக் கீழே போனால் இரவில் திறப்பைக் குறைத்து, பகலில் காற்று விடுங்கள்.

காளானே சொல்லும்!

மீட்டர் இல்லாவிட்டாலும் காளானைப் பார்த்தே அறையின் நிலையைத் தெரிந்துகொள்ளலாம்.

● தண்டு நீண்டு, குடை சிறுத்து, ஊதுகுழல் மாதிரி இருக்கிறதா? காற்று போதவில்லை.

● குடையின் விளிம்பு காய்ந்து வெடிக்கிறதா? காற்று அதிகம், ஈரம் குறைவு.

● குண்டூசித் தலை மாதிரி வந்த மொட்டு மஞ்சளாகிக் கருகுகிறதா? சூடு அதிகம், அல்லது மொட்டின் மேலேயே தண்ணீர் பீய்ச்சுகிறீர்கள்.

● பையில் பச்சைத் திட்டு தெரிகிறதா? வைக்கோல் சரியாக வேகவில்லை, அல்லது படுக்கை சூடேறி விட்டது. பையைப் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு போய் மண்ணில் ஆழப் புதைத்து விடுங்கள்.

● அறைக்குள் நுழைந்ததும் புளித்த வாடை வருகிறதா? வைக்கோலில் ஈரம் அதிகம்.

நம் நெஞ்சுக்கும் காற்று வேண்டுமே!

சிப்பிக் காளான் முற்றி, குடையின் விளிம்பு மேல்நோக்கி மடங்கினால், அடிப்பக்கத்திலிருந்து கோடிக்கணக்கில் விதைத்தூள் பறக்கும். வெளிச்சத்தில் புகை மாதிரி தெரியும். காற்றோட்டம் இல்லாத அறையில் இதைத் தினமும் சுவாசித்தால் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி வரும். காளான் தொழிலாளர்களிடம் வெகு காலமாக மருத்துவர்கள் பார்த்து வருகிற நோய் இது.

இதன் தந்திரம் என்ன தெரியுமா? அறையில் இருக்கும்போது ஒன்றும் தெரியாது. நாலு முதல் எட்டு மணி நேரம் கழித்துக் காய்ச்சல், குளிர், உடம்பு வலி, வறட்டு இருமல், மூச்சு வாங்கல் எல்லாம் வரும். மறுநாள் சரியாகி விடும். 'ஏதோ வைரஸ் காய்ச்சல்' என்று விட்டுவிடுவோம். மறுபடி அறைக்குள் போனால் மறுபடி வரும். கவனிக்காமல் மாதக் கணக்கில் போனால் நுரையீரல் நிரந்தரமாகத் தழும்பேறி விடலாம். எனவே இப்படி இரண்டு தடவை வந்தாலே வளர்ப்பை நிறுத்தி விட்டு நெஞ்சக நோய் மருத்துவரிடம் போங்கள். 'வீட்டில் காளான் வளர்க்கிறேன்' என்று மறக்காமல் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவருக்கு அந்தக் கோணம் தோன்றும்.

வராமல் தடுப்பது சுலபம். விளிம்பு உள்நோக்கி வளைந்திருக்கும்போதே, மொத்தக் கொத்தையும் பறித்து விடுங்கள். உள்ளே போவதற்குப் பத்து நிமிடம் முன்பு ஃபேனைப் போடுங்கள். நன்றாகப் பொருந்துகிற என்-95 முகக்கவசம் அணியுங்கள். துணியைச் சுற்றிக் கட்டுவது போதாது. ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அறைக்குள் போகவே வேண்டாம். அறைக்குள் கொசு ஸ்பிரே, பூச்சி மருந்து எதுவும் கூடாது. வைக்கோலைச் சுத்தம் செய்ய ஃபார்மலின் கலக்கும் முறையும் உண்டு. அதன் நெடி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். வீட்டுக்குள் செய்கிறவர்களுக்கு வெந்நீரே போதும்.

நீங்கள் கேட்கலாம்...

ஏசி அறையில் வளர்க்கலாமா?

குளிர்ச்சி கிடைக்கும். ஆனால் வீட்டு ஏசி உள்காற்றையே சுற்றி விடும், ஈரத்தையும் உறிஞ்சி விடும். கரண்ட் பில்லுக்குக் கட்டுப்படியும் ஆகாது.

வருமானம் வருமா?

ஒரு படுக்கையிலிருந்து எல்லா அறுவடையும் சேர்த்து அரைக் கிலோ கிடைத்தாலே நல்ல விளைச்சல். எட்டுப் படுக்கை என்றால் வீட்டுக்கும் அக்கம் பக்கத்துக்கும் சரியாக இருக்கும். வியாபாரம் என்றால் வீட்டுக்கு வெளியே தனிக் குடில் போட்டுக்கொள்ளுங்கள்.

உடம்புக்கு என்ன லாபம்?

நூறு கிராம் பச்சைக் காளானில் சுமார் 90 கிராம் தண்ணீர்தான். புரதம் மூன்று கிராம் அளவு. கொழுப்பு மிகக் குறைவு, நார்ச்சத்தும் பொட்டாசியமும் உண்டு. கறிக்கு ஈடு என்று சொல்ல முடியாது. ஆனால் எண்ணெய் அதிகம் கேட்காத நல்ல காய். பச்சையாகச் சாப்பிடாமல் நன்றாக வேக வையுங்கள். யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு அளவோடு சாப்பிடுங்கள். மழைக்குத் தோட்டத்தில் தானாக முளைக்கும் காளானை இதோடு சேர்க்கவே கூடாது. விஷக் காளானைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க நம்பகமான வீட்டு வைத்தியம் எதுவும் இல்லை.

பயிற்சி அவசியமா?

ஒருநாள் பயிற்சிக்குப் போய் வந்தால், நல்ல வித்து எப்படி இருக்கும், சரியான பதத்து வைக்கோல் கைக்கு எப்படித் தெரியும் என்பதெல்லாம் நேரில் பார்த்து விடலாம். வேளாண் பல்கலைக்கழகத்தில் கேட்டுத் தேதியை உறுதி செய்துகொண்டு போங்கள்.

இந்த வாரமே வைக்கோல் வாங்கக் கிளம்பி விடாதீர்கள். முதலில் அந்த ஸ்டோர் ரூமைக் காலி செய்து, மீட்டரை மாட்டி, ஒரு வாரம் மூன்று வேளையும் குறித்துப் பாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு 30 டிகிரிக்குக் கீழே நிற்கிறதா? கீழ்த் திறப்பில் பிடித்த ஊதுபத்தியின் புகை மேல் திறப்பு வழியாக வெளியே போகிறதா, ஹாலுக்கு வருகிறதா? இரண்டும் சரியாக இருந்தால் தைரியமாக வித்து வாங்குங்கள். புகை ஹாலுக்கு வந்தால், திறப்பைச் சரி செய்கிற வரை காளான் காத்திருக்கட்டும்.